புகார்கள்: இல்லை

பத்து மணி அடித்து ஓய்ந்துவிட்டது, இருபத்துநான்கு தலைகள் குனிந்துவிட்டன, பதினான்காவது மேசை மட்டும் சும்மா கிடக்கிறது. வருவாள். பத்தரை வரை விடலாம், விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. பத்தரை மணி அடித்தபிறகு துணைவேந்தரின் மகளே வந்து நின்றாலும் உள்ளே விடக்கூடாது, வருகைத்தாளில் சிவப்பு மையால் ஆப்சென்ட் என்று போட்டுவிட வேண்டியதுதான். சிவப்புப் பேனா என் கையில்தான் இருக்கிறது. அதை மூடி பைக்குள் போடு செண்பகவல்லி, இப்போதே எதற்கு அது. காலையில் ஒவ்வொரு மேசையிலும் சாக்கட்டியால் எண் எழுதிக்கொண்டு வந்தேனே, பதினான்கு எழுதும்போது மட்டும் இன்னொரு முறை அழித்துத் தெளிவாக எழுதினேன், எண் தெளிவாக இருந்தால் ஆள் வந்துவிடுவாள் என்பது போல. சிசோமோ பிரி. மலாவியிலிருந்து வந்த பெண், உயிர்வேதியியல் மூன்றாம் ஆண்டு. இது அவளுடைய கடைசித் தேர்வு. இதை எழுதிவிட்டால் பட்டம். எழுதாவிட்டால் அடுத்த வாய்ப்பு நவம்பரில்தான், அவளுடைய விசா ஜூலையோடு முடிகிறது, நவம்பரில் அவள் இந்த நாட்டிலேயே இருக்க முடியாது. மூன்று வருஷம் இந்த வெயிலில், இந்த சாம்பாரில், எங்களோடு இருந்துவிட்டு வெறுங்கையோடு ஊருக்குப் போய் இறங்குவாள். அவளுடைய அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராம், ஒருமுறை போனில் காட்டினாள், மேடம் எங்கம்மா என்று. அந்த அம்மாவும் சிரித்துக் கையசைத்தாள், நானும் அசைத்தேன். நேற்று சாயங்காலம் இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இப்போது கூப்பிடவும் முடியாது, கண்காணிப்புக்கு வருகிறவர்கள் போனைக் கட்டுப்பாட்டு அறையில் ஒப்படைத்துவிட்டுத்தான் வரவேண்டும். பத்து நாலு ஆகிறது.

நான் ஏன் இப்படித் தவிக்கிறேன். ஒரு பிள்ளை தேர்வுக்கு வராததெல்லாம் ஒரு விஷயமா, இருபத்தொரு வருஷத்தில் எத்தனை பேருக்குச் சிவப்பு மை போட்டிருக்கிறேன், சாப்பாட்டு நேரத்தில் மறந்தும் போயிருக்கிறேன். தவிப்புக்குக் காரணம் எனக்கே தெரியும், சுற்றி வளைப்பானேன். பிப்ரவரியில் துறை விழா. பிள்ளைகள் வருஷாவருஷம் மேடையேறி ஆசிரியர்களைப் போலவே நடித்துக் காட்டுவார்கள், அதற்காகவே கூட்டம் கூடும். இந்த வருஷம் கவின்ராஜ். அதோ மூன்றாவது வரிசையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுதுகிறானே, அவன்தான். நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொல்வோம், நானும் சொல்வேன், நாற்காலி தூக்குவான், புரொஜெக்டர் மாட்டித் தருவான். முதலில் டீன் ஜெயசீலன் வயிற்றைத் தடவிக்கொண்டு நடக்கும் நடையைச் செய்தான், அரங்கமே அதிர்ந்தது, டீனே விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் என்னை. கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டு "நான் சொல்றது காதுல விழுதா" என்று நான் கேட்பதை அப்படியே கேட்டான். சிரித்தேன். அப்புறம் திரும்பி நின்று முகத்தில் கறுப்பாக எதையோ அப்பிக்கொண்டு, கறுப்பு நூலைத் திரித்துத் திரித்துக் கட்டிய ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினான். சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்தான், ரசத்தை முகர்ந்துவிட்டு ஏதோ காட்டு மொழி மாதிரி கத்தினான். அப்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். முந்தைய சிரிப்பின் மிச்சம்தான் அது, நிறுத்த நேரமில்லை என்று பிறகு எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன். யாரோ எடுத்த வீடியோவில் நாற்பத்தோராவது வினாடியில் முன்வரிசை வருகிறது, அதில் நான் இருக்கிறேன், பல்லெல்லாம் தெரிய. எனக்குப் பின்னால் மூன்று வரிசை தள்ளி அவள் இருக்கிறாள். அவள் முகம் சரியாகத் தெரியவில்லை, உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிகிறது. எழுந்து போயிருக்கலாம், போகவில்லை, நடுவில் எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று உட்கார்ந்திருந்தாளாம்.

அந்த வீடியோவையும் இரண்டு பக்கக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள். ஏனென்றால் நான்தான் குழு உறுப்பினர். பாகுபாடு தடுப்புக் குழு என்று மாடிப்படிக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு பலகை மாட்டியிருக்கிறார்களே, இனம், நிறம், சாதி, மொழி என்று வரிசையாக எழுதி, அதில் மூன்றாவதாக என் பெயரும் போன் நம்பரும். பலகை மாட்டி இரண்டு வருஷத்தில் அந்த நம்பருக்கு வந்த ஒரே அழைப்பு, தண்ணீர் கேன் போடலாமா என்று கேட்டது. கடிதத்தில் விழாவைப் பற்றிப் பாதிப் பக்கம்தான், மீதியெல்லாம் மூன்று வருஷம். அவள் உட்கார்ந்தால் சாப்பாட்டு மேசையில் பக்கத்து இடம் காலியாகவே இருப்பது. கேட்காமலே முடியைத் தொட்டுப் பார்ப்பது, தொட்டவர்கள் கையைத் துடைத்துக்கொள்வது. ஆய்வகத்தில் ஜோடி பிரிக்கும்போது கடைசியில் அவள் மட்டும் மிஞ்சுவது, அப்போதெல்லாம் ஆசிரியர் "சரி, நீ தனியா பண்ணிடு, நீதான் நல்லா பண்ணுவியே" என்பது. அந்த ஆசிரியர் நான். பெயர் போடவில்லை அவள், மரியாதைக்கு. படித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிறுத்தினேன், அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏம்மா என்கிட்ட வந்தே, டீன்தானே குழு சேர்மன், அவர்கிட்ட நேரா குடுத்திருக்கலாமே என்றேன். எங்கள் பேச்சு எப்போதும் ஆங்கிலத்தில்தான், என் தலைக்குள் அது தமிழாகத்தான் தங்குகிறது. "உங்களுக்குப் புரியும்னு நெனச்சேன் மேடம்" என்றாள். சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த என் கையைப் பார்த்தாள், ஒரே ஒரு கணம்தான், உடனே பார்வையை எடுத்துவிட்டாள்.

புரியாமல் என்ன. ஏழாம் வகுப்பு ஆண்டுவிழாவில் ராணி வேஷத்துக்கு வசனம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன், வசனம் நன்றாக வருகிறது, ஆனால் நீ அரக்கி பண்ணு, உனக்கு மேக்கப்பே வேண்டாம் என்றார்கள், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே அரக்கி பண்ணினேன், பரிசும் வாங்கினேன். அப்பா வரன் விளம்பரத்தில் மாநிறம் என்று எழுதினார், பார்க்க வந்தவர்கள் என்னையும் விளம்பரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா என்று மாமியார் சொன்னதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியாகிவிட்டது. கரண்ட் போனால் வகுப்பில் பின்பெஞ்சிலிருந்து "மேடம், எங்க இருக்கீங்க" என்று ஒரு குரல் வரும், "பல்லைக் காட்டறேன், கண்டுபிடி" என்று நானே சொல்லிவிடுவேன், அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் வலிக்காது என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். வலிக்கும். இப்போது சொல்கிறேன், ஒவ்வொரு தடவையும் வலித்தது, வலித்ததை யாரிடமும் சொல்லாமல் இருந்ததைத்தான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை எடுத்து அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தேன். "இதெல்லாம் பெருசா எடுத்துக்காதம்மா, நீயும் சேர்ந்து சிரிச்சுடு, அப்புறம் அவங்களுக்கே போரடிச்சுடும், என்னைப் பாரு" என்றேன். என்னைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ அவளுக்கு.

"மேடம், அடிஷனல் ஷீட்." யார், கவின்ராஜா. எழுந்து நிற்காதே, உட்கார், கொண்டுவந்து தருகிறேன். பதினைந்து நிமிஷத்தில் ஒரு தாள் முடித்துவிட்டான், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. காலையில் வாசலில் நின்று "விஷ் பண்ணுங்க மேடம்" என்றான், நன்றாக எழுது என்று தோளில் தட்டினேன். இவனுக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. ஒரு புகார் வந்தது, அதில் தன் பெயர் இருந்தது என்று யாருமே அவனிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் ஒருவேளை வெட்கப்பட்டிருப்பான், அழக்கூடச் செய்திருப்பான், அந்த வாய்ப்பையும் நான் அவனுக்குக் கொடுக்கவில்லை. டீனிடம் கடிதத்தைக் கொண்டுபோனபோது படிக்கக்கூட இல்லை, எத்தனை பக்கம் என்று புரட்டிப் பார்த்தார். "மேடம், மார்ச்ல மதிப்பீட்டுக் குழு வர்றாங்க. ரெண்டு வருஷமா நாம என்ன அனுப்பறோம்? புகார்கள் இல்லைன்னு அனுப்பறோம். இப்போ ஒண்ணுன்னு போட்டா, ஏன் ஒண்ணுன்னு கேப்பான். பொண்ணுக்கு என்ன வேணுமோ பண்ணிக் குடுங்க. புகாரா மட்டும் வேணாம்." ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த அறிக்கையை நான்தான் எழுதி அனுப்புவேன், ஒரே ஒரு வரிதான், புகார்கள்: இல்லை. குழு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சான்று. காய்ச்சலே இல்லை என்று எழுதுவதற்காகத் தெர்மாமீட்டரை ஒளித்து வைக்கிற ஆஸ்பத்திரி நாங்கள். அதை அன்றைக்கே அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம், இன்றைக்கு மூடிய அறைக்குள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பெரிய வீராங்கனை.

அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன், அதையும் சொல்லவேண்டும், ஏலக்காய் டீ, பிஸ்கட்டும். வெள்ளைத்தாளை முன்னால் வைத்து நான் சொல்லச் சொல்ல எழுது என்றேன். ஐயா, எனக்குத் தற்போதைய விடுதி அறை வசதிப்படவில்லை, வேறு அறை ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன், எனக்கு வேறு குறைகள் ஏதுமில்லை. வேறு குறைகள் ஏதுமில்லை என்ற இடத்தில் பேனா நின்றது. "மேடம், நான் இப்படிச் சொல்லலையே" என்றாள். "தெரியும்மா. ஆனா இப்படி எழுதினாத்தான் இங்க ஏதாவது நடக்கும். நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." நல்லதுக்குத்தான் சொன்னேன், அதுதான் கொடுமை, ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை எனக்கு. எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். டீயைத் தொடவில்லை. ஒரே வாரத்தில் அறை மாறிவிட்டது, நாங்களே அசந்துபோகும் வேகம், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற விருந்தினர் விடுதியில் தனி அறை, குளியலறையோடு. பார்த்தீர்களா, பண்ணிக் கொடுத்துவிட்டோம். தோழிகள் என்று இருந்த இரண்டு பேரும் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். அப்புறம் சாப்பாட்டுக் கூடத்தில் அவளைக் காணோம். வகுப்பில் கடைசி பெஞ்சு. கடைசியாகப் பேசியது பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஹால் டிக்கெட் வாங்க வந்தாள், மெலிந்திருந்தாள், எப்படிம்மா இருக்கே என்றேன், நல்லா இருக்கேன் மேடம் என்றாள், நானும் நல்லது என்றேன். அந்த இரண்டு பக்கக் கடிதத்தைக் கிழிக்கவில்லை நான், அலமாரியில் பழைய ரெக்கார்டு நோட்டுகளுக்கு அடியில் இருக்கிறது, கிழிக்காமல் வைத்திருப்பதை ஒரு நியாயம் மாதிரி இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து இருபது. மின்விசிறி ஒன்று கரகரக்கிறது, யாரோ இருமுகிறார்கள், நடைவழியில் செருப்புச் சத்தம், அவள்தான், இல்லை, தண்ணீர் வைக்கிற அம்மா. எடுக்காத போனை நினைக்கவே கூடாது. தனி அறை, குளியலறையோடு, உள்ளே தாழ்ப்பாள். அந்தப் பக்கம் ராத்திரி ஒரு காவலாள்தான், கதவைத் தட்டிப் பார்க்க யார் இருக்கிறார்கள். சீ, என்ன நினைப்பு இது. தூங்கியிருப்பாள், சார்ஜ் இல்லாமல் இருந்திருக்கும், மறந்திருப்பாள், கடைசித் தேர்வை யாராவது மறப்பார்களா. போன வருஷம் வேறெங்கோ ஒரு கல்லூரியில் ஒரு பெண்ணைப் பற்றிப் பேப்பரில் படித்துவிட்டு அய்யோ பாவம், யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று டீ குடித்துக்கொண்டே சொன்னேனே. அவளும் யாரிடமாவது சொல்லியிருப்பாள், என் மாதிரி ஒருத்தி டீ வாங்கிக் கொடுத்திருப்பாள். பத்து இருபத்துமூன்று. யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லலாமா, அறையை விட்டு நான் நகர முடியாது, நகர்ந்தால் என்ன, வேலை போய்விடுமா. நகர்ந்தால் மெமோ வரும். அந்த மெமோவுக்குப் பயந்துகொண்டு இங்கேயே நிற்கிறேன், பார், இப்போதும் நிற்கிறேன். வந்துவிடு சிசோமோ. வந்தால் போதும், ஒரு மணிக்குத் தேர்வு முடிந்ததும் உன்னைக் கூட்டிக்கொண்டு நேரே டீன் அறைக்குப் போகிறேன், அந்த இரண்டு பக்கத்தையும் மேசைமேல் வைக்கிறேன், புகார் எண் போடுங்கள் என்கிறேன், நான் அனுப்பிய அறிக்கை பொய் என்று நானே எழுதிக் கொடுக்கிறேன், வீடியோவில் சிரிப்பது நான்தான் என்றும் எழுதுகிறேன். கவின்ராஜை எழுப்பி உன் முன்னால் நிறுத்துகிறேன். தப்புப் பண்ணிட்டேன்மா என்று சொல்கிறேன், வார்த்தையை இப்போதே சரியாக வைத்துக்கொள்கிறேன், தப்புப் பண்ணிட்டேன், உன்னை எழுத விடாம நான் எழுதிட்டேன்.

பத்து இருபத்தேழுக்கு வந்தாள். கதவில் கைவைத்து நின்றாள், வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, மூச்சு வாங்கியது, கையில் ஹால் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும். உயிரோடு இருந்தாள், அதுதான் முதலில் தோன்றியது, அப்படியே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது, இருபத்துநான்கு பேர் நிமிர்ந்து பார்த்ததில் கால் அசையவில்லை. "மே ஐ கம் இன் மேடம்" என்றாள், வழக்கமாக எல்லோரும் கேட்பது போல. வா, வா, உட்காரும்மா, என்னம்மா ஆச்சு என்றேன். "கேட்ல நிறுத்திட்டாங்க மேடம். ஒன்பதரைக்கே வந்துட்டேன். ஐடி கார்டு காட்டினேன், அரை மணி நேரம் நிக்க வெச்சாங்க. அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றவங்க பாஸ்போர்ட்டும் காட்டணும்னு புதுசா உத்தரவாம். திரும்பிப் போய் எடுத்துட்டு வந்தேன்." அந்தப் பக்கத்திலிருந்து வருவது அவள் ஒருத்திதான். அவள் அந்தப் பக்கம் போனது என்னால். குரலில் கோபம்கூட இல்லை, பஸ் டிக்கெட் விலை சொல்வது போலச் சொன்னாள்.

தாமத வருகைப் பதிவேட்டில் எழுதினால்தான் தாள் தரலாம். பெயர், எண், நேரம் மூன்றையும் மளமளவென்று எழுதினாள், காரணம் என்ற கட்டத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "என்ன எழுதணும் மேடம்?"

"பஸ் லேட்டுன்னு எழுதிடும்மா. எல்லாரும் அதான் எழுதுவாங்க. கேள்வி வராது."

சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது, அதே குரலில், அதே அக்கறையோடு. அரை மணி நேரமாக உள்ளே உருகி உருகிச் சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போயிற்று. அவள் பஸ்ஸிலேயே வருவதில்லை, சாலையைக் கடந்து நடந்து வருகிறாள். ஆனால் அவள் இந்தத் தடவை பேனாவை நிறுத்தவில்லை, நான் இப்படிச் சொல்லலையே என்று கேட்கவில்லை. பஸ் லேட் என்று எழுதினாள். வினாத்தாளை எடுத்துக்கொண்டு பதினான்காவது மேசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பின்னாலேயே போனேன். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "சிசோமோ, அதை அடிச்சிடும்மா, நடந்ததையே எழுது, நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன். அன்னிக்கும் நான்தான் தப்புப் பண்ணினேன், உன்னை எழுத விடாம நான்..." என்று ஆரம்பித்தேன். கண்ணாடி மங்கியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். என்னைத் தாண்டிச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு இடது கையை விடைத்தாளின்மேல் விரித்து வைத்தாள், சாப்பாட்டுக் கூடத்தில் இன்னொரு கரண்டி போட வருகிறவர்களைத் தட்டின்மேல் கையை வைத்துத் தடுப்போமே, அப்படி. எங்களிடம் மூன்று வருஷத்தில் கற்றுக்கொண்ட தமிழில் சொன்னாள்.

"போதும், மேடம்."

பத்தரை மணி அடித்தது. அவள் முதல் கேள்வியைப் படிக்க ஆரம்பித்திருந்தாள். பதிவேட்டை வாங்கிப்போகத் தேர்வு அலுவலகத்திலிருந்து ஒருவர் வாசலில் வந்து நின்றார். நான் மேசைக்குத் திரும்பினேன். காரணம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், மேற்கண்ட விவரம் உண்மை என்று அச்சடித்து, கண்காணிப்பாளர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. "சீக்கிரம் மேடம், இன்னும் ஆறு ரூம் போகணும்" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.